ஒண்ணுமில்ல மாமா

கொக்கியார் தன் மச்சானின் மூக்கை உடைத்தது காலை ஏழு மணிக்கு, கையிலிருந்த டீ ஆறுவதற்கு முன்னால். பார்வை போன மனுஷன் எப்படி அவ்வளவு குறியாகப் பிடித்தார் என்று தெருவே பிறகு வாயைப் பிளந்தது. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? அந்த மச்சான் மூச்சு விட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மூக்கு வழியாக விட வழியில்லாமல் வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு, மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினார், தலைமுடி சிக்கியது. கொத்தாகப் பிடித்து இழுத்துக் கதவு நிலையில் மோதினார். ஒரு தடவையோடு விடவில்லை, மூன்று தடவை.

“ஒண்ணுமில்லையா? இப்பச் சொல்லுடா. ஒண்ணுமில்லையா?”

விஷயம் என்னமோ சின்ன விஷயம்தான். அடுப்பில் பால் கருகியிருக்கிறது. கொக்கியாரின் பெண்டாட்டி, மச்சானுக்கு அக்கா, வெளியே கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கருகல் வாடை வந்ததும் கொக்கியார் எதிரே உட்கார்ந்திருந்த மச்சானிடம், என்னடா கருகுது என்று கேட்டார். அவன் ரொட்டியை டீயில் தோய்த்தபடியே, “ஒண்ணுமில்ல மாமா,” என்றான். ஆறு வாரத்துக்கு முன்னால் இதே வாய் இதே வார்த்தையைச் சொன்னதை நம்பித்தான் கொக்கியார் கண்ணைப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மனுஷனுக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா?

சத்தம் கேட்டு ஓடிவந்த அக்காக்காரி, ஈரக் கையோடு தம்பிக்கும் நிலைக்கும் நடுவில் போய் விழுந்தாள். நாலாவது மோதல் அவள் தோளில் இறங்கியது. ஐஸ் கட்டியை இழுத்து இழுத்து இரும்பாகிப்போன கை கொக்கியாருடையது. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தபோது கொத்து முடி அவர் கையோடு வந்தது. தம்பியின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிய கொட்டில் டீ டம்ளர் நிறைந்து வழிந்தது. இரண்டு துண்டை நனைத்தாகிவிட்டது, மூன்றாவது துண்டும் சிவந்தது, நிற்கிற வழியைக் காணோம். கொக்கியார் சுவரோடு சாய்ந்து நின்று இரைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது அழுகையா, வெந்துபோன கண்ணின் நீரா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று பேருக்கும் ஐஸ் பேக்டரியில்தான் வேலை. கொக்கியார் உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து வருகிற கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்துச் சரிவில் விட்டுக்கொண்டிருந்தவர். பதினெட்டு வருஷமாக அதே கொக்கி, அதனால் அதே பேர். அக்காக்காரி வாசல் பக்கம் உடைக்கிற மிஷினில் நின்று கட்டியை உள்ளே தள்ளிச் சாக்கில் பிடிப்பவள். தம்பிக்கு மிஷின் ரூம். கட்டி உறைவதற்கு வேண்டிய அமோனியா கேஸ் ஓடுகிற குழாய்களையெல்லாம் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்குப் பேர் மூக்கன்.

அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. கேஸ் எங்காவது கசிகிறதா என்று பார்க்க அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் தொடங்கும்போது ஒரு கந்தகக் குச்சியைப் பற்றவைத்து, குழாய் இணைப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் காட்டிக்கொண்டு போவார்கள். கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளைப் புகை கெட்டியாகக் கிளம்பும். காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தக் குச்சியின் புகை இருக்கிறதே, அது நெஞ்சைப் பிடுங்கி வெளியே போடும். எல்லோரும் இருமியே பாதி ஷிப்ட் போய்விடும். மூக்கன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, குச்சி காட்டுவதற்கு முன்னால் வெறும் மூக்கால் மூன்று கசிவைப் பிடித்தான். மற்றவர்களுக்கு அந்த வாடை பழகிப்போய்த் தெரிவதே இல்லை. இவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, நாலாவது வால்வைப் பாருங்க என்பான். பார்த்தால் இருக்கும்.

“மச்சான் மூக்கு இருக்கும்போது குச்சி எதுக்குய்யா?” என்று முதலில் சொன்னது கொக்கியார்தான். பெருமை தாங்கவில்லை அவருக்கு. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தானே. அன்றிலிருந்து குச்சிகள் தகர டப்பாவோடு பரணில் போய் உட்கார்ந்தன. நாலு வருஷம் ஒரு குச்சி எரியவில்லை. மூக்கன் சுற்றிவந்து சரி என்றால் சரி.

அந்த மூக்கு செத்துப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று அவன். இன்னொன்று அக்காக்காரி.

அவளுக்குத் தெரியவந்தது இப்படி. ஒரு மத்தியானம் சாக்குத் தைக்கிற ஊசியை எடுக்க வீட்டுக்கு வந்தவள், வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். சமையல் கேஸ் திறந்து கிடக்கிறது. அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி மூக்கன் உட்கார்ந்து, உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் தீப்பெட்டி. அவள் பாய்ந்து திருகை மூடிவிட்டு அவன் கன்னத்தில் விட்டாள் ஒன்று. என்னக்கா என்று அவன் விழித்த விழியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சீயக்காய்த் தூளைக் காட்டினாள், மண்ணெண்ணெயைக் காட்டினாள், அழுகின வெங்காயத்தைக் காட்டினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கடைசியில் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“சளிக்கா. போயிடும். மாமாகிட்ட சொல்லிடாத. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா நான் எதுக்கு அங்க?”

சரி, அதுவரைக்கும் குச்சியைப் பற்றவையேன்டா என்று கெஞ்சினாள். பற்றவைத்தால் ஏன் என்று கேட்பார்களே என்றான். கேட்கத்தான் கேட்பார்கள். நாலு வருஷமாக எரியாத குச்சி எரிந்தால் பேக்டரி முழுக்கக் கூடிவிடும். அவள் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தாள், ஆவி பிடிக்க வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவன் குறட்டை மட்டும் வளர்ந்தது. பேச்சு மூக்கடைத்துக் கொழகொழத்தது. பேக்டரியில் அவனைப்போல் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வாள்?

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். கட்டி இழுத்துக்கொண்டிருந்த கொக்கியாருக்குக் கண் லேசாக எரிந்தது. தொட்டியோரம் உறைபனி மூடிக்கிடந்த இணைப்பைக் காட்டி, மச்சான், இதுல வாடை வருதா பாரு என்றார். மூக்கன் வந்தான். குனிந்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உறிஞ்சிக் காட்டினான். அக்காக்காரி உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் வாய் திறந்தது. சொல் வரவில்லை. அதற்குள் அவன் சொல்லிவிட்டான்: “ஒண்ணுமில்ல மாமா.”

கொக்கியார் பனியை உடைக்கக் கொக்கியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினார். இணைப்பு விட்டுக்கொண்டது. வெள்ளையாக வந்து முகத்தில் அடித்தது கேஸ். கண்ணைத் திறக்க முடியாமல், மூச்சை இழுக்க முடியாமல், தெரிந்த கதவைத் தெரியாத சுவரில் தேடினார். நகம் பிய்ந்த அடையாளம் அந்தச் சுவரில் இன்னும் இருக்கிறது. அக்காக்காரிதான் சேலையை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் இழுத்து வந்தாள். தண்ணீர்க் குழாயை அவர் முகத்தில் பீய்ச்சியபடி அரை மணி நேரம் அவர்மேல் உட்கார்ந்தே இருந்தாள். அவர் உதைத்த உதையில் அவள் விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. வலது கண் போயே போய்விட்டது. இடது கண்ணில் நிழல் தெரிகிறது, அதுவும் நீ கழுவியதால் என்றார்கள் கண் டாக்டர்கள். அந்தப் பாராட்டை அவள் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள்?

இப்போது மூக்கு உடைந்ததும், கண்ணுக்காக ஓடின அதே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. கொக்கியாரைத் தனியாக விட முடியாது. ஒரு கையில் புருஷன், இன்னொரு கையில் தம்பி. எப்படி அடிபட்டது என்று கேட்டவர்களிடம் மூக்கன், குளியலறையில் வழுக்கினேன் என்று சொல்லிவிட்டான்.

பஞ்சை எவ்வளவு அடைத்தும் ரத்தம் தொண்டை வழியாக இறங்கியபடியே இருந்தது. காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். குட்டையான பொம்பளை, பேச்சில் எண்ணெய் விட்டுக்கொள்ளாதவர். நாக்கை அழுத்தி விளக்கடித்தார். பிறகு அக்காக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்நாக்குக்குப் பின்னால், மேலேயிருந்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் வெளுப்பாக, வழுவழுவென்று, தோலுரித்த பெரிய திராட்சை மாதிரி. அவன் விழுங்கும்போது அதுவும் அசைந்தது.

“இது இன்னைக்கு அடிபட்டதால வந்தது இல்ல. எத்தனை நாளா மூக்கடைப்பு? எத்தனை நாளா வாசனை தெரியலை?”

கட்டிலை மறைத்த திரைக்கு வெளியே ஸ்டூலில் கொக்கியார் உட்கார்ந்திருந்தார். திரை துணிதானே, சுவரா? மூக்கன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

“ஆறு வாரமா,” என்றான் மூக்கன். “கேஸ் அடிச்ச அன்னைலேர்ந்து.”

டாக்டரம்மாவின் முகம் மாறியது. ஆறு வாரத்தில் இவ்வளவு பெரிதாக வளர்ந்து, தொட்டால் இவ்வளவு ரத்தமும் கொட்டுகிறது என்றால் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். சாதாரண மூக்குச் சதை இந்த வேகத்தில் வளராது. ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் கத்தியையே தொடுவேன், கெட்டதாக இருந்தால் மூக்கோரம் முகத்தைக் கிழித்து மேல்தாடையைப் பாதி எடுக்க வேண்டி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார்.

திரைக்கு வெளியே கொக்கியார் எழுந்து நின்றுவிட்டார். துழாவிக்கொண்டு வந்து மச்சானின் காலைத் தொட்டார். “அன்னைக்கு எனக்குக் கண்ணு, உனக்கு மூக்காடா? சொல்லக் கூடாதா? கைநீட்டிட்டேனேடா பாவி,” என்று சொல்லித் தன் தலையில் அடித்துக்கொண்டார். மூக்கன் வாயைத் திறந்து மூச்சு விட்டபடி படுத்திருந்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காக்காரிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது.

அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் புருஷன் போவார், திறக்காவிட்டால் தம்பியின் முகம் போகும். புருஷனைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். தண்ணி பிடிச்சுட்டு வர்றேங்க என்று பொய் சொல்லிவிட்டு நடையில் டாக்டரம்மாவின் பின்னால் ஓடினாள். எட்டு மாசம்மா, அதுக்கு முன்னாடியே அடைப்பு இருந்துச்சு, ஒரு வருஷம்கூட இருக்கும், மெதுவாத்தான்மா வந்துச்சு என்று மூச்சிரைக்கச் சொன்னாள். இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றார் டாக்டரம்மா. அங்க சொல்ல முடியாதும்மா என்றாள். டாக்டரம்மாவுக்கு வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். சரி, நல்லதாப் போச்சு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அக்காக்காரி குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். தண்ணி பிடிச்சியா என்று கேட்டார் புருஷன். பாட்டிலைக் கையில் கொடுத்தாள். பாதிப் பொய் உண்மையாகிவிட்டது என்று ஒரு நிம்மதி.

நாலு நாள் ஆனது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்குழாய்க் கட்டி இல்லை என்று தெரிந்தபின் ஒரு துண்டு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நாலு நாளும் கொக்கியார் வேறு ஆளாக இருந்தார். வார்டில் மச்சானின் கட்டிலோரம் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, தட்டுத்தடுமாறி அவன் வாயைத் தேடி ஊட்டினார். பாதி தாடையில் வழிந்தது. வீட்டுக்குப் போகும்போது, நான்தான் குச்சி வேண்டாம்னு சொன்னவன், எல்லாம் நான் தேடிக்கிட்டது என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். கதவு நிலையைத் தடவி, காய்ந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினார். அவள் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொள்வாள். அவர் நல்லவராக இருக்க இருக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, நல்ல சேதி என்று ஆரம்பித்தார்.

“இது சாதாரணச் சதைதான். ஆபத்தில்லாதது. ஆனா அபூர்வம். மூக்குச் சதை வழக்கமா ரெண்டு பக்கமும் கொத்தாத்தான் வரும். இது ஒத்தைச் சதை. இடது கன்னத்துக்குள்ள இருக்கிற காத்தறையில வேர், காம்பு நீண்டு மூக்குக்குப் பின்னாடி போய், ரெண்டு பக்கத்தையும் அடைச்சுக்கிட்டுத் தொண்டையில தொங்குது. நூறு மூக்குச் சதை பார்த்தா நாலோ அஞ்சோதான் இப்படி. முகத்தையெல்லாம் கிழிக்க வேண்டாம். விளக்கு வச்ச குழாயை மூக்கு வழியா விட்டு, காம்பை வேரோட எடுத்துடறேன். வேரை விட்டா மறுபடி முளைக்கும். உடைஞ்ச எலும்பையும் அதே மேஜையில நிமிர்த்திடலாம்.”

அக்காக்காரி கும்பிட்டாள். கொக்கியார் மச்சானின் தோளைத் தேடித் தட்டிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கக் கூடாதா அந்தப் புண்ணியவதி? படத்தில் ஓர் இடத்தைப் பேனாவால் காட்டினார்.

“இந்த எலும்பைப் பாருங்க. அரிக்கலை, மெதுவா ஒதுங்கிக் கொடுத்திருக்கு. ஒரு வருஷத்து வேலை. நல்லவேளை உங்க அக்கா அன்னைக்கே ஓடிவந்து எட்டு மாசமா வாசனை இல்லைன்னு சொன்னாங்க. உங்க ஆறு வாரக் கணக்கை நம்பியிருந்தா நான் வேற மாதிரி பயந்திருப்பேன்.”

கொக்கியாரின் கை மச்சானின் தோளிலேயே இருந்தது. எட்டு மாசமா என்று கேட்டார், நிதானமாக. ஆமாம், ஒரு வாடையும் தெரிந்திருக்காது என்றார் டாக்டரம்மா. கொக்கியார் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அக்காக்காரி யாரிடமும் சொல்லவில்லை. கொக்கியார் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் மூக்கனின் பெட்டியைக் கண்டுபிடித்தார். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்தார். கண்ணாடியைத் தரையில் அடித்தார். ரேடியோவை மிதித்தார், மிதித்த காலில் ஆணி ஏறியது, அதைப் பிடுங்காமலே மறுபடியும் மிதித்தார். நாற்காலியின் காலை முறித்து, அதாலேயே அலமாரியைச் சாத்தினார். பாத்திரமெல்லாம் சிதறியது. அவளை மட்டும் தொடவில்லை. அவள் மூலையில் நின்று, இதோ என்மேல் விழப்போகிறது என்று ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினாள். விழவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். கடைசியில் அவர் களைத்து உட்கார்ந்தபோது, அவள் போய்ப் பாதத்திலிருந்த ஆணியைப் பிடுங்கிக் கட்டுப்போட்டாள். அவர் காலைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆபரேஷன். கூடத்துக்கு வெளியே இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மூக்கன் அவளைப் பார்த்த பார்வையில், காப்பாத்து என்றும் இருந்தது, இப்படிக் காட்டிக்கொடுத்துட்டியே என்றும் இருந்தது. கதவு மூடிய பிறகு கொக்கியார் கேட்டார்.

“அன்னைக்கு அவன் குனிஞ்சு மோந்து பார்த்தப்ப நீ எங்க இருந்த?”

“மிஷின்கிட்ட.”

“பார்த்தியா?”

“பார்த்தேன்.”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கிச் சதையில் இறங்கியது. அவள் கையை இழுக்கவில்லை.

“பார்த்துக்கிட்டு நின்ன.”

“சொல்ல வாயைத் திறந்தேங்க. வரலை. அவன் வேலை போயிடும்னு...”

“அவன் வேலை.” அவர் பிடியை இறுக்கினார். “எல்லாரும் எங்கிட்ட என்ன சொல்றாங்க தெரியுமா? கவலைப்படாத, இனிமே உன் பொண்டாட்டிதான் உனக்குக் கண்ணுன்னு சொல்றாங்க. நீ இப்படின்னா நான் எங்க போய் முட்டிக்குவேன்? பள்ளம் இருக்கிற இடத்துல ஒண்ணுமில்லைன்னு நீ சொன்னா?”

இனி எதைச் சொன்னாலும் அதை நம்பச் சொல்லி அவள் எப்படிக் கேட்பாள்? ரத்தம் விரல் வழியாகச் சொட்டியது. அவருடைய வேட்டியிலும் சொட்டியது. ஈரம் பட்டதும்தான் அவர் பிடியை விட்டார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி, அதற்குள் அந்தச் சதை. மூக்கு வழியாக வராத அளவுக்குப் பெரிது, வாய் வழியாகத்தான் இழுத்தேன், வேரையும் சுரண்டிவிட்டேன், ரத்தச் சேதம் அதிகமில்லை என்றார். அக்காக்காரி பார்த்தாள். சின்னப் பிள்ளையின் சுண்டுவிரல் நீளக் காம்பு, நுனியில் அந்த வழுவழுப்பு. இதுவா? இவ்வளவுதானா? கொக்கியார் கையை நீட்டிப் புட்டியை வாங்கினார். இப்படியும் அப்படியும் ஆட்டி, அது கண்ணாடியில் மோதுகிற சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டார்.

“ஆபத்தில்லாததுன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா. இதால உயிருக்கு ஒண்ணும் ஆகாது.”

கொக்கியார் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு டாக்டரம்மாவே ஒரு அடி பின்னால் வைத்து, புட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் மூக்கனை வார்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு மூக்கிலும் பஞ்சு அடைத்து, மேலே பட்டையாகக் கட்டு. மயக்கம் அரைகுறையாகத் தெளிந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நர்ஸ் மருந்து எழுதிக்கொள்ள வெளியே போனாள். அவனைப் பார்க்கணும், கூட்டிட்டுப் போ என்றார் கொக்கியார். அவள் தயங்கினாள். கூட்டிக்கொண்டு போனாள். ஊட்டிவிட்டவர்தானே, தொட்டுப் பார்த்து அழுவார், அதோடு முடியட்டும் என்று நினைத்தாள்.

கொக்கியார் கட்டிலில் உட்கார்ந்தார். மச்சானின் நெற்றியைத் தடவினார், கட்டைத் தடவினார், வாயைக் கண்டுபிடித்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

மூக்கனின் கண் திறந்துகொண்டது. கால் உதறியது. ஊசிக்குழாய் பிய்ந்து தெறித்தது. கொக்கியார் தன் உடம்புக் கனத்தை எல்லாம் கையில் இறக்கியிருந்தார். குரல் மட்டும் பதறவில்லை.

“கதவைத் தேடினேன்டா. இப்படித்தான். இழுக்கிறேன், வர மாட்டேங்குது. இப்படித்தான் இருந்துச்சு. தெரியுதா?”

அக்காக்காரி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. முதுகில் குத்தினாள். தம்பியின் முகம் நீலம் பாய்ந்தது. அவள் குனிந்து அந்தக் கையைக் கடித்தாள். கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற சதையில் பல்லைப் பதித்து, எலும்பு தட்டுகிற வரைக்கும் கடித்தாள். வாய் முழுக்க உப்புக் கரித்தது. அப்போதுதான் கை எழுந்தது.

மூக்கன் கட்டிலோரம் சுருண்டு, இருமி, ரத்தமும் எச்சிலுமாகத் துப்பினான். கொஞ்சம் மூச்சு வந்ததும் சொன்னான்.

“தெரிஞ்சுதான் சொன்னேன் மாமா. ஒரு வாடையும் வரலை. வராதுன்னும் தெரியும். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதான் சொன்னேன்.”

கொக்கியார் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் அழுது முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். இனி என் வீட்டு வாசல்ல இவன் கால் படக் கூடாது என்று பொதுவாகச் சொன்னார், கோபமே இல்லாமல். அவள் பக்கம் திரும்பி, நீ இருக்கிறதுன்னா இரு, வர்றதுன்னா வா என்றார்.

அக்காக்காரி தம்பியைப் பார்த்தாள். நர்ஸ் ஓடிவந்து ஊசிக்குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, போக்கா என்று கையசைத்தான். கொக்கியார் அவள் கடித்த கையையே நீட்டினார். மற்றக் கை சுவரைப் பிடித்திருந்தது. அவள் சேலை நுனியைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டினாள். தன் மணிக்கட்டுக் காயத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நடையைத் தாண்டி மாடிப்படிக்கு வந்தார்கள். கொக்கியார் நின்றார். இந்த ஆறு வாரத்தில் இந்தப் படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார். வா என்றால் வருவார், நில்லுங்க என்றால் நிற்பார். ஒரு தடவையும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டார்.

“எத்தனை படி?”

“பதினொண்ணுங்க.”

அவர் அவள் கையை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். கட்டுப்போட்ட காலை முதலில் இறக்கி, ஒண்ணு என்றார். ஏறுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் யாருக்காகவும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ணினார். அவளும் ஒரு படி தள்ளி, கையை நீட்டினபடியே இறங்கினாள், தொடாமல். பத்து என்றார். பதினொண்ணு என்றார். கீழே தரை வந்துவிட்டது. அவர் கைப்பிடியை விடாமல், இன்னொரு படி இருக்கிறதா என்று கால் நுனியால் துழாவினார்.

“இல்லீங்க. தரைதான்,” என்றாள் அக்காக்காரி.

அவர் இன்னொரு தடவை துழாவிப் பார்த்தார்.